42,000 ரூபாய் போச்சு: மெடிக்கல் கோடிங் பயிற்சிக்குக் காசு கட்டப் போறவங்க படிங்க

மூணு நாளாச்சு, இன்னும் ஆத்திரம் அடங்கல. 42,000 ரூபாய்! மெடிக்கல் கோடிங்னா டாக்டர் எழுதின நோயையும் வலியையும் கோட் எண்ணா மாத்துற வேலை. அதுக்கான சிபிசி சான்றிதழ் தேர்வுக்கு ஆன்லைன் பயிற்சி, சார்ட் (நோயாளி ரெக்கார்டு) ரிவ்யூவும் சேர்த்துன்னு சொல்லி வாங்கினாங்க. சென்னையில இருக்கிற பயிற்சி மையம், பேர் வேண்டாம்.

நம்பினது டெமோ வகுப்பைப் பார்த்துத்தான். திரையில ஒரு அமெரிக்க வெளிநோயாளி சார்ட்: வலது கவட்டுல அஞ்சு நாளா வலி, இருமினா கூடுது, "குடலிறக்கமா இருக்கலாம்", ஸ்கேன் எழுதியிருக்கு. டெமோ எடுத்த சார் கோட் புக் இன்டெக்ஸைத் திறந்து, "க்ராயின் பெயின் அடிவயிற்று வலிக்குத்தான் போகும். வலதுன்னா ஆர்10.31. சந்தேகம்னு எழுதினதை இங்கே கோட் பண்ணவே கூடாது"ன்னார். அச்சு அசலா சரி. அன்னைக்கு ராத்திரியே ஜிபேல பணம் போயிடுச்சு.

வகுப்புக்கு வந்தது வேற ஆள். அதே மாதிரி சார்ட்டுக்கு விடைத்தாள்ல கே40.90! உறுதியாகாத குடலிறக்கத்தை நோயாளியோட ரெக்கார்டுல ஏத்தியாச்சு. ஸ்கேன்ல உறுதியானா மட்டும்தான் அந்தக் கோட், அப்போ வலிக்குத் தனிக் கோட் வராது. இன்னொரு சார்ட்டுல "இடது"ன்னு தெளிவா இருக்கு, விடை பக்கம் சொல்லாத ஆர்10.30. வர வேண்டியது ஆர்10.32. ரெண்டு பக்கமும் வலின்னா சேர்த்து ஒரே கோட் கிடையாது, 31, 32 ரெண்டும் போடணும். கால்பந்து ஆடி வலது அடக்டர் தசை (உள்தொடைத் தசை) இழுத்துக்கிட்டவருக்கு இடுப்பு மூட்டு வலி எம்25.551 போட்டிருக்காங்க. சரியான கோட் எஸ்76.211ஏ. "கடைசி எழுத்து ஏ முதல் விசிட்டுக்கு மட்டும்"னு நோட்ஸ்ல வேற! ஆக்டிவ் சிகிச்சை நடக்கிற வரை ஏ, அது முடிஞ்சு பிசியோதெரபிக்கு வரும்போதுதான் டி. இடுப்புக்குழி வலிக்கு இன்னும் பழைய ஆர்10.2. 2025 அக்டோபர் 1-லேர்ந்து அது செல்லாது, ஆர்10.20 முதல் 10.24 வரை பிரிஞ்சாச்சு. எந்தப் பக்கம், மூட்டா விதையா கவட்டான்னு டாக்டர் எழுதலன்னா அவர்கிட்ட விளக்கம் கேட்டு குவெரி போடணும்ங்கிறதுகூட எந்த வகுப்புலயும் வரல.

கேட்டதுக்கு முதல்ல "ஃபேக்கல்டிக்கு ஃபார்வர்டு பண்றோம் மேடம்." அடுத்து "எக்ஸாம்ல இவ்வளவு டீப்பா கேக்க மாட்டாங்க." பணத்தைக் கேட்டதும் "லாகின் பண்ணிட்டீங்களே, ரீஃபண்ட் வராது." நேத்து வகுப்பு சாட் குரூப்லேர்ந்தே தூக்கிட்டாங்க. 42,000 ரூபாய்க்கு இதுதான் பதில்.

எப்படித் தப்பிக்கிறதுன்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ முடியல. டெமோ எடுத்தவரே வகுப்பும் எடுப்பாரான்னு எழுத்துல வாங்குங்க. காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு விடைத்தாளைக் கேட்டு வாங்கி, இந்த வருஷத்துக் கோட் புக்கோட ஒத்துப் பாருங்க. மொத்தமா கட்டாதீங்க. சாட் மெசேஜை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிக்கோங்க, குரூப்லேர்ந்து தூக்கின பிறகு எதுவும் கையில இருக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் கொடுத்திருக்கேன்.