வால்டார்ஃப் பள்ளி நிகழ்ச்சிகள்: சந்தைக்குப் போவதா, மாத விழாவுக்குப் போவதா?

வால்டார்ஃப் பள்ளியின் ஆண்டு நாள்காட்டியை முதல்முறை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும். செப்டம்பர் 29இல் மைக்கேல் திருநாள், நவம்பரில் விளக்கு நடை, அதையொட்டியே குளிர்காலச் சந்தை, டிசம்பரில் அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலம்) சுருளும் ஆசிரியர்கள் நடிக்கும் நாடகமும், மே மாதம் நாடா கட்டிய கம்பத்தைச் சுற்றி ஆட்டம், ஜூனில் தீ மூட்டிக் கொண்டாடும் விழா. இவற்றுக்கு நடுவே ஓப்பன் ஹவுஸ், மாத விழா, வகுப்பு நாடகம், பெற்றோர் கூட்டம், தோட்ட வேலை நாள் எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் போக யாராலும் முடியாது. அதிலும் பிள்ளையை அங்கே சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்றிரண்டுக்குத்தான் நேரம் கிடைக்கும். எதற்குப் போனால் பள்ளி நிஜத்தில் எப்படி இருக்கிறது என்று தெரியும், எதற்குப் போனால் நல்ல புகைப்படங்கள் மட்டும் மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

நிகழ்ச்சிகள் ஏன் இத்தனை என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1919 செப்டம்பரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் முதல் வால்டார்ஃப் பள்ளி திறக்கப்பட்டது. வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் தொழிற்சாலையை நிர்வகித்த எமில் மோல்ட், தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக அதைத் தொடங்கினார். பாடமுறையை வகுத்தவர் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியச் சிந்தனையாளர். தலைமையாசிரியர் என்று ஒருவரை மேலே உட்காரவைக்காமல் ஆசிரியர் குழுவே சேர்ந்து பள்ளியை நடத்துகிற மரபு அங்கிருந்துதான் வந்தது. அப்படி நடக்கும் பள்ளியில் பெற்றோரும் கூட வந்து தோள் கொடுத்தால்தான் வண்டி ஓடும். அதனால் இந்த விழாக்களில் பாதி, விருந்தாளிக்காக நடப்பவை அல்ல. உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வதற்காக நடப்பவை. வெளியிலிருந்து பார்க்கப் போகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஓப்பன் ஹவுஸும் குளிர்காலச் சந்தையும்

புதிதாக வருபவர்களை இந்த இரண்டுக்கும்தான் பள்ளிகள் முதலில் அழைக்கும். ஓப்பன் ஹவுஸில் வகுப்பறைகளைச் சுற்றிக் காட்டுவார்கள். சுவரில் ஈரத் தாளில் தீட்டிய நீர்வண்ண ஓவியங்கள், மேசையில் பிள்ளைகள் தாங்களே எழுதி, வரைந்து உருவாக்கிய பாட நோட்டுகள். அந்த நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். நன்றாக இருக்கிற ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்களா, ஒரு வகுப்பின் நோட்டுகளை அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார்களா என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும். மற்றபடி பேச்சு ஒத்திகை பார்த்த பேச்சாகத்தான் இருக்கும். அதில் தப்பில்லை, எந்தப் பள்ளியும் அதைத்தான் செய்யும்.

ஓப்பன் ஹவுஸுக்கு என்று ஒரு நன்மை உண்டு: சங்கடமான கேள்விகளைக் கேட்க ஏற்ற இடம் அதுதான். ஸ்டைனரின் ஆந்த்ரோபோசஃபி என்கிற ஆன்மிகச் சிந்தனை ஆசிரியர் பயிற்சியில் எவ்வளவு இருக்கிறது, வகுப்பறையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கலாம். இனங்களைப் பற்றி அவர் சொன்ன சில கருத்துகள் கடும் விமர்சனத்துக்கு உள்ளானவை. ஜெர்மனியின் வால்டார்ஃப் பள்ளிகளின் கூட்டமைப்பு 2007இல் 'ஸ்டுட்கார்ட் பிரகடனம்' என்ற பெயரில், எந்தப் பாகுபாட்டையும் ஏற்பதில்லை என்று அறிவித்தது. நீங்கள் பார்க்கும் பள்ளி இதைப் பற்றி நேராகப் பேசுகிறதா, மழுப்புகிறதா என்று கவனியுங்கள். தடுப்பூசி பற்றியும் கேட்டுவிடுங்கள். தடுப்பூசி போடாத பிள்ளைகள் அதிகம் இருந்த சில வால்டார்ஃப் பள்ளிகளில் தட்டம்மையும் சின்னம்மையும் பரவியதுண்டு.

சந்தை முற்றிலும் வேறு. பெரும்பாலும் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ ஒரு வாரக் கடைசியில் நடக்கும். தேன்மெழுகில் திரியைத் திரும்பத் திரும்ப முக்கி மெழுகுவர்த்தி செய்யும் மேசை, கம்பளியைத் தட்டிச் செய்த பொம்மைகள், மரச் சாமான்கள், பொம்மலாட்டம் என்று பள்ளி முழுக்க நிறைந்திருக்கும். பல பள்ளிகளில் பெரியவர்கள் உள்ளே வரக்கூடாத ஒரு கடை இருக்கும். குழந்தை தனியாகப் போய் அப்பா அம்மாவுக்குப் பரிசு தேர்ந்தெடுத்து வரும். அமெரிக்கப் பள்ளிகளில் உடை முழுக்கப் பைகள் தைத்துக்கொண்டு ஒருவர் உலா வருவார். காசைக் கொடுத்துவிட்டு ஏதாவது ஒரு பைக்குள் கைவிட்டால் சின்னதாக ஒரு பொருள் கிடைக்கும். குழந்தைகள் அவரைச் சுற்றிக்கொண்டு விடவே மாட்டார்கள்.

இவ்வளவு அழகாக இருப்பதுதான் இதில் சிக்கல். பார்வையாளராகச் சந்தைக்குப் போய்விட்டு வந்தால் மயங்கிப்போய்த்தான் வருவீர்கள், ஆனால் பள்ளியைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்காது. அன்று பாடம் நடக்காது, ஆசிரியர்கள் விற்றுக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கு நிதி சேர்க்க நடக்கும் நாள் அது. சேர்க்கும் முடிவை எடுக்க இதை வைத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் பிள்ளையைச் சேர்த்த பிறகு இதே சந்தை பட்டியலின் உச்சிக்குப் போய்விடும். பல பள்ளிகளில் சந்தைக்கான பொருள்களைப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே பெற்றோர் குழுவாக உட்கார்ந்து செய்வார்கள். ஊசியும் கம்பளியுமாக இரண்டு மணி நேரம் ஒரே மேசையில் உட்கார்ந்தால், வாசலில் தலையாட்டிவிட்டுப் போகிற ஆளிடம் நிஜமாகப் பேச ஆரம்பிப்பீர்கள். எந்த ஆசிரியர் எப்படி, எந்த வகுப்பில் என்ன தகராறு, பள்ளியின் பணநிலை என்ன, எல்லாம் அந்த மேசையில்தான் காதில் விழும். கைவேலை வராதவர்கள் மேசை தூக்கலாம், கணக்குப் பார்க்கலாம். அதற்கும் ஆள் எப்போதும் பற்றாக்குறைதான்.

விளக்கு நடையும் சுருளும்

இரண்டும் சின்னக் குழந்தைகளுக்கானவை; இரண்டிலும் இருட்டும் சின்ன வெளிச்சமும்தான். ஆனால் பார்க்கிறவருக்குக் கிடைப்பது வேறு வேறு.

விளக்கு நடை நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளை ஒட்டி வரும். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்த ரோமானியப் படைவீரரின் கதை அதற்கு அடிப்படை. வண்ணம் தீட்டிய தாளில் செய்த விளக்கைத் தூக்கிக்கொண்டு இருட்டில் பாடியபடியே நடப்பார்கள். மேடையோ மைக்கோ கிடையாது, வேடிக்கை பார்க்கிறவர் என்றும் யாரும் கிடையாது. நீங்களும் நடக்க வேண்டும், பாட்டு தெரிந்தால் பாட வேண்டும். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தால் யாராவது மெதுவாக வந்து சொல்வார்கள்.

சுருளில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். இருட்டறையில் பசுமையான கிளைகளைத் தரையில் சுருளாக அடுக்கி, நடுவில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருப்பார்கள். ஆப்பிளில் செருகிய ஏற்றாத மெழுகுவர்த்தியோடு ஒவ்வொரு குழந்தையாக நடுவுக்கு நடந்துபோய், அங்கே பற்றவைத்து, திரும்பும் வழியில் எங்காவது அதை வைத்துவிட்டு வரும். அவ்வளவுதான் நிகழ்ச்சி. இருபது குழந்தைகள் என்றால் இருபது முறை அதேதான். பொறுமை இல்லாதவர்களுக்கு நீளமாகத் தோன்றும்.

எனக்குப் பிடித்தது விளக்கு நடை; ஆனால் பள்ளியை எடைபோடச் சுருள்தான் உதவும். பாதி வழியில் தயங்கி நின்றுவிடும் ஒரு குழந்தை அநேகமாக இருக்கும். அப்போது ஆசிரியர் என்ன செய்கிறார், கையைப் பிடித்து இழுக்கிறாரா, காத்திருக்கிறாரா, கூடவே நடக்கிறாரா என்பதைப் பாருங்கள். எந்த விளக்கக் கையேட்டிலும் இது இருக்காது. நெருப்புக்குப் பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கிறதா, நீண்ட கூந்தலைக் கட்டியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரே தடை, பல பள்ளிகளில் சுருளுக்கு வெளியாட்களை அழைப்பதில்லை.

மதம் பற்றிய கேள்வி இங்கே வரத்தான் செய்யும். இந்த விழாக்களின் வேர் ஐரோப்பியக் கிறிஸ்தவ மரபில்தான் இருக்கிறது. இல்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அதே சமயம் பள்ளிகள் இவற்றை இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ் என்பதால் விளக்கு விழா ஜூன் வாக்கில் நடக்கிறது. வேறு சில இடங்களில் அட்வென்ட் என்ற பெயரையே எடுத்துவிட்டுக் குளிர்காலச் சுருள் என்கிறார்கள். வேறு நம்பிக்கை உள்ள குடும்பங்களின் விழாக்களுக்கு நாள்காட்டியில் நிஜமாகவே இடம் இருக்கிறதா, ஒப்புக்கு ஒரு வரி மட்டும் இருக்கிறதா என்று பார்த்தால் பள்ளியின் போக்கு புரியும்.

டிசம்பரில் ஆசிரியர்கள் நடிக்கும் ஓபெருஃபெர் நாடகங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஸ்டைனருக்குக் கல்லூரியில் பாடம் சொன்ன கார்ல் யூலியஸ் ஷ்ரோயர், ஓபெருஃபெர் கிராமத்து மக்களிடமிருந்து சேகரித்த பழைய நாட்டார் நாடகங்கள் அவை. பிள்ளைகளுக்குப் பரிசாக ஆசிரியர்களே வேடம் கட்டுவார்கள். கணக்கு வாத்தியார் இடையனாகக் கால் வழுக்கி விழுவதைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சந்தோஷத்துக்காகவே போகலாம்.

மாத விழாவும் வகுப்பு நாடகமும்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் கைகாட்டுவது மாத விழாவை. முதல் பள்ளியின் காலத்திலிருந்தே வரும் வழக்கம் இது. அசெம்பிளி என்றும் சில இடங்களில் சொல்வார்கள். மாதாமாதம் நடக்காமல் பருவத்துக்கு ஒன்று நடத்தும் பள்ளிகளும் உண்டு. ஒவ்வொரு வகுப்பும் அப்போது படித்துக்கொண்டிருப்பதில் ஒரு துண்டை மேடைக்குக் கொண்டுவரும். முதல் வகுப்பு கைதட்டி எண்ணிக்கை சொல்லும், மூன்றாம் வகுப்பு குழல் வாசிக்கும், ஐந்தாம் வகுப்பு அந்நிய மொழியில் பாடும், பெரிய வகுப்பினர் பேச்சையும் இசையையும் உடலசைவாக்கும் யூரித்மி செய்வார்கள். இங்கே காலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒரே பாடத்தை மூன்று நான்கு வாரம் தொடர்ந்து நடத்தும் முறை இருப்பதால், மேடைக்கு வருவது பெரும்பாலும் அந்தந்த வாரத்துப் பாடம்தான்.

அரைகுறையாகத்தான் இருக்கும். யாராவது வரியை மறப்பார்கள், ஒரு குழல் தனியாகக் கீச்சிடும். அதற்காகத்தான் போகச் சொல்கிறேன். ஒரு மணி நேரத்தில் ஆறு வயதிலிருந்து மேல்வகுப்பு வரை வரிசையாக உங்கள் முன்னால் வந்துபோகும். அங்கே படித்தால் பிள்ளை எட்டு வருடம் கழித்து எப்படி நிற்கும், எப்படிப் பேசும் என்பதை வேறு எந்த நிகழ்ச்சியும் இப்படிக் காட்டாது. மேடையைவிடக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். பெரிய வகுப்புகள் சின்ன வகுப்பு ஆடும்போது கவனிக்கிறார்களா, சிரித்துக்கொண்டு பேசுகிறார்களா?

எட்டாம் வகுப்பு நாடகம் இதைவிடப் பலமடங்கு மெருகாக இருக்கும். ஒன்றாம் வகுப்பில் ஏற்ற ஆசிரியர் எட்டாம் வகுப்பு வரை கூடவே வருவது பழைய மரபு என்பதால், இந்த நாடகம் அந்த ஆசிரியருக்கும் வகுப்புக்கும் பிரிவு உபசாரம் மாதிரி. வாரக்கணக்கில் ஒத்திகை, திரைச்சீலை முதல் உடை வரை எல்லாம் வகுப்பின் கைவேலை. எல்லோருக்கும் பாத்திரம் உண்டு. சில பள்ளிகளில் நாயகன் வேடத்தை ஒரு இரவு ஒருவர், மறு இரவு இன்னொருவர் என்று பகிர்வார்கள். போய் ரசியுங்கள். ஆனால் அது உச்சம், சராசரி அல்ல. அந்த ஒரு வகுப்புக்கு வாய்த்த ஆசிரியரின் திறமையை மொத்தப் பள்ளியின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

வட அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பினருக்கு ஒரு கிரேக்க ஒலிம்பிக்கும் உண்டு. பல பள்ளிப் பிள்ளைகளைக் கலந்து நகர அரசுகளாகப் பிரித்து ஈட்டி, வட்டு எறியவிடுவார்கள். உங்கள் பள்ளியில் அது இருந்தால் தவறவிடாதீர்கள்.

பெற்றோர் கூட்டமும் வேலை நாளும்

பெற்றோர் கூட்டம் என்றால் மதிப்பெண் தாளைக் கையெழுத்துப் போட்டு வாங்குவது என்று நினைத்து வருபவர்கள் திகைப்பார்கள். மாலையில் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்காரவைத்து, இந்த வயதில் குழந்தைக்குள் என்ன நடக்கிறது, அடுத்த மாதப் பாடம் ஏன் அது, வீட்டில் டிவி, போன் திரையை ஏன் தள்ளிவைக்கச் சொல்கிறோம் என்று வகுப்பாசிரியர் பேசுவார். சில சமயம் உங்கள் கையிலும் தூரிகையைக் கொடுப்பார்கள். சில ஆசிரியர்களிடம் இது ஒருவழிப் பிரசங்கமாகிவிடும். நல்ல ஆசிரியர் பாதி நேரத்தைக் கேள்விகளுக்கு விடுவார். சேராதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், ஏற்கெனவே பிள்ளை படிக்கும் யாரிடமாவது கடைசிக் கூட்டத்தில் எதைப் பற்றி வாக்குவாதம் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். வாக்குவாதமே வராது என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

தோட்ட வேலை நாளில் பேச்சு குறைவு, மண்வெட்டிதான் அதிகம். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும், கைவினை என்றாலே ஓடுகிறவர்களுக்கும் இது சந்தையைவிட நல்ல நுழைவாயில். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கும், தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கும் இந்தச் சனிக்கிழமைகள் பாரம்தான், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தன்னார்வ உழைப்பு விருப்பம் என்று சொல்லும் பள்ளி, கட்டாயம் என்று மணிக்கணக்கு வைக்கும் பள்ளி, வர முடியாதவர் பணமாகக் கட்டலாம் என்கிற பள்ளி என்று மூன்று வகையும் இருக்கின்றன. இதில் உங்கள் பள்ளி எந்த வகை என்பதைச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்னால், வர முடியாமல் போன பெற்றோர் ஒருவரிடமே பேச வேண்டும் என்று கேளுங்கள்.