ஒரே சப்வூஃபர், இரண்டு வேலை: எஸ்விஎஸ் எஸ்பி-1000 ப்ரோ

12 அங்குல டிரைவரும் (ஒலி எழுப்பும் கூம்பு) தொடர்ந்து 325 வாட் தரும் (ஆர்எம்எஸ்) ஆம்ப்ளிஃபயரும் கொண்ட எஸ்விஎஸ் எஸ்பி-1000 ப்ரோ, காற்றுத் துளை இல்லாத மூடிய பெட்டி வகையைச் சேர்ந்த சப்வூஃபர், அதாவது தாழ்ந்த பேஸ் ஒலிகளுக்கென்றே உள்ள ஸ்பீக்கர். பாட்டுக்கும் படத்துக்கும் ஒன்றையே வாங்க விரும்புவோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் இரண்டுக்கும் ஒரே ஒலியளவை வைத்துக்கொண்டால் இரண்டில் ஒன்று கெட்டுவிடும்.

காரணம் ஒலிப்பதிவு முறையிலேயே இருக்கிறது. படங்களுக்கான 5.1 ஒலியமைப்பில் புள்ளிக்குப் பின் வரும் அந்த ஒன்று, தாழ்ந்த அதிர்வெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட எல்எஃப்இ தடம்; அதிகபட்சம் 120 ஹெர்ட்ஸ் வரை செல்லும் அத்தடம், மற்ற ஒவ்வொரு தடத்தையும்விட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்க இடம் தருகிறது. வெடியும் இடியும் அதில்தான் வந்து விழுகின்றன. ஸ்டீரியோ இசையில் அப்படியொரு தனித் தடம் கிடையாது. நான்கு தந்தி பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த சுரமே ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால், பாட்டுக்கு வேண்டியது பாதாளம் வரை இறங்கும் ஆழமன்று; சுரம் தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான்.

அந்தக் கட்டுப்பாடு இந்தப் பெட்டியில் இருக்கிறது. மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியில் எழும் கும்கி நாதம் இழுபட்டு வளைவதும், அடுத்த சொல் விழுமுன் அடங்குவதும் தெளிவாகக் கேட்கின்றன. சப்வூஃபரும் மற்ற ஸ்பீக்கர்களும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்து, இரண்டின் ஒலியலைகளும் ஒத்துப்போகும்படி ஃபேஸைச் சரிசெய்த பிறகு, ஒலி பெட்டியிலிருந்து வருகிறது என்ற உணர்வே மறைந்து, பக்கத்து ஸ்பீக்கர்களே பெரிதாகிவிட்டதுபோல் தோன்றுகிறது. படம் பார்க்கும்போது அதே ஒலியளவு சற்று மெலிந்து ஒலிக்கிறது. இதற்கான கைபேசிச் செயலியில் இசைக்கும் படத்துக்கும் தனித்தனி அமைப்புகளைச் சேமித்து, படத்துக்கு மட்டும் சில டெசிபல் உயர்த்திக்கொள்ளலாம் என்பதே இதன் மிகப் பெரிய வசதி.

வைக்கும் இடத்தை அலட்சியம் செய்யக் கூடாது. 15 அடி நீள அறையில் அந்த நீளவாக்கின் முதல் அதிர்வு, அதாவது சுவர்களுக்கிடையே ஒலி எதிரொலித்துப் பெருகும் மிகத் தாழ்ந்த அதிர்வெண், 37 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே அமைகிறது. பெட்டியை மூலையில் தள்ளினால், அதை ஒட்டிய பேஸ் சுரங்கள் மட்டும் வீங்கி, மற்றவற்றை மூழ்கடிக்கும். வெடிச் சத்தத்தில் இந்த வீக்கத்தை யாரும் குறையாக எண்ணமாட்டார்கள்; பாட்டில் முதல் வரியிலேயே அது உறுத்தும். சப்வூஃபரை நாம் அமரும் இருக்கையிலேயே வைத்து, ஒரு பேஸ் வரியை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து, எல்லாச் சுரங்களும் சமமாகக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் பெட்டியை அங்கே நிறுத்துவதே நம்பகமான வழி.

இதே நிறுவனத்தின் பிபி-1000 ப்ரோ, அதே அளவு டிரைவருடன் துளையுள்ள பெட்டியில் வருகிறது. எஸ்பி 20 ஹெர்ட்ஸ் வரை இறங்க, பிபி 17 வரை இறங்குவதாக நிறுவனம் குறிப்பிடுகிறது. பெட்டியும் நன்றாகவே பெரியது. பெரிய கூடத்தில் பெரும்பாலும் படம் மட்டுமே பார்ப்பவர்கள் அதை எடுக்கலாம். பாட்டு ஓடாத நாளே இல்லாத வீட்டுக்கு எஸ்பி போதும்.