அரையாண்டு லீவு: ஊட்டியா, மயிலாப்பூரா, தனுஷ்கோடியா, சொந்த ஊரா?

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேர் திருச்சியில் கூடுவது வழக்கம். ஒரே கல்லூரியில் படித்தவர்கள், இப்போது ஆளுக்கொரு ஊர். பேச்சு எங்கே தொடங்கினாலும், இரண்டாவது டீ வருவதற்குள் "லீவுக்கு எங்க போனீங்க?" என்பதில் வந்து நின்றுவிடும். அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸுக்கு முன்னால் பள்ளியைப் பூட்டினால் புத்தாண்டு கழிந்துதான் திறப்பார்கள். அந்த ஒன்பது பத்து நாளை யார் எப்படிக் கழித்தார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல, மற்றவர்கள் குறுக்கே விழுந்து கேலி செய்வார்கள். இந்தத் தடவை நான்கு பேர் நான்கு திசையில் போயிருந்தார்கள். நான் வீட்டிலேயே கிடந்தேன். எங்கும் போகாதவனுக்குத் தீர்ப்பு சொல்லும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன், அதுவும் இந்த நான்கையும் வெவ்வேறு வருஷங்களில் நானே பார்த்திருக்கிறேன்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே. செலவு, கூட்டம், சாப்பாடு எல்லாம் பிறகு. நான் முதலில் பார்ப்பது காலை ஐந்தரை மணிக்கு அந்த இடம் என்ன தருகிறது என்பதை. காரணம் இருக்கிறது. மே மாதத்தில் நாம் வெயிலிலிருந்து தப்பி ஓடுகிறோம். மார்கழியில் தப்பி ஓட எதுவும் இல்லை, திருச்சியிலேயே சுகமாகத்தான் இருக்கிறது. இந்த மாதத்தின் தனிச் சரக்கு அதன் விடியற்காலைதான். பத்து மணிக்கு மேல் எல்லா ஊரும் எல்லா நாளையும்போலத்தான்.

திருப்பூர்க்காரன் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருந்தான். மூன்று இரவு, நாலு பேர், 31,000 ரூபாய். அதில் தங்கும் அறைக்கே பாதிக்கு மேல். ஆனால் அவன் காட்டிய ஒரு போட்டோவை மறுக்க முடியாது: புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல் வெள்ளை. கார் கண்ணாடியில் படிந்த உறைபனியில் அவன் மகன் விரலால் தன் பெயரை எழுதியிருந்தான். 2,240 மீட்டர் உயரத்தில், நம் மாநிலத்தில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத காட்சி.

சரி, மூன்று விடியலில் எத்தனை விடியலில் பனி விழுந்தது என்று கேட்டேன். ஒன்றில்தான். மற்ற இரண்டு நாளும் தூறல். இதில் ஊட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. உறைபனிக்கு மேகமில்லாத வானமும் காற்றில்லாத இரவும் வேண்டும். தரையின் சூடு தங்குதடையில்லாமல் மேலே போனால்தான் புல்லின் ஈரம் உறையும். வடகிழக்குப் பருவமழையின் வால் டிசம்பர் கடைசி வரை நீளும் வருஷங்களில் மேகம் போர்வைபோல் மூடிக்கொள்ளும். அப்போது குளிர் மட்டும் இருக்கும், பனி இருக்காது.

மலை ரயிலும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் வண்டி, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் மழைக்காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து வண்டி ரத்தாவது புதிதல்ல. அவனுக்கும் அதுவே நடந்தது. அவன் செய்த ஒரு புத்திசாலித்தனம்: ஊட்டியிலிருந்து குன்னூர் வரை மட்டும் ஓடும் வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் வந்துவிட்டான். நீராவி எஞ்சின் இல்லை, டீசல்தான். பிள்ளைகளுக்குக் குகை வந்தால் போதும், கத்துவார்கள்.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் உண்டு. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போனால் அந்தத் தொல்லை இல்லை. தங்கிய இடத்தில் வெந்நீர் ஆறிலிருந்து எட்டு வரைதான் என்று எழுதி ஒட்டியிருந்தார்களாம், ஆறரைக்கே தீர்ந்துவிட்டதாம். அதனால் உறைபனி விழுந்த அந்த ஒரு நாளும் குளிக்காமலேயே சுற்றியிருக்கிறார்கள். "ஊட்டியில யாருடா குளிச்சா?" என்று மதுரைக்காரன் கேட்டான், விஷயம் அத்தோடு முடிந்தது.

என் கருத்து: ஊட்டிக்குப் போக நல்ல நேரம் பொங்கல் கூட்டம் வடிந்த ஜனவரிக் கடைசி. வானம் தெளிந்திருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அப்போது லீவு கிடையாது என்பதுதான் சிக்கல். கொடைக்கானலுக்கும் இதே கதைதான், மலை ரயில் மட்டும் இல்லை.

அடுத்து மாம்பலத்துக்காரன். இவன் லீவுக்கு எங்கும் போவதில்லை, லீவு இவனைத் தேடி வருகிறது. ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துக்கொண்டு டிசம்பர் முழுக்கக் கச்சேரி நடக்கும் சபா சபாவாக அலைவான். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதை ஒட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் பிள்ளைதான் 1928இல் பிறந்த மியூசிக் அகாடமி. டிசம்பர் சீசன் அங்கிருந்து வளர்ந்தது. ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழிசைச் சங்க விழா வேறு, அதன் ரசிகர்கள் தனிக் கூட்டம்.

பெரிய பாடகர்களின் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைப்பது கடினம். ஆனால் பல சபாக்களில் பகல் கச்சேரிக்குக் காசு கிடையாது, உள்ளே போய் உட்காரலாம். இருபது வயசுப் பெண் ஒருத்தி முப்பது பேர் முன்னால் தோடி ராகத்தை எடுத்துக்கொண்டு உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பாள். எனக்கு மாலைக் கச்சேரிகளைவிட அதுவே பிடிக்கும். பாட்டு பிடிக்காதவர்களுக்குக் கேண்டீன். அதற்கு டிக்கெட்டே வேண்டாம். அடை அவியல், கீரை வடை, இலை போட்டுச் சாப்பாடு. பாட்டு நின்று மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து அந்தப் பக்கம் நகர்வதைப் பார்த்தால் மிருதங்கக்காரர்மேல் பரிதாபமாக இருக்கும்.

விடியல் கணக்குக்கு வருவோம். மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை. பாபநாசம் சிவன் ஒரு காலத்தில் முன்நின்று பாடிய வழக்கம், இன்றும் இருட்டு பிரியும் முன்னே ஜால்ரா சத்தம் கேட்கும். மாம்பலத்தான் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனானாம். முழங்கால் வலிக்காரர், நாலு வீதியும் நடந்துவிட்டு, "நாளைக்கும் வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். குறை என்றால் ஊரே மெட்ரோ வேலைக்காகத் தோண்டிக் கிடக்கிறது, ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போகும். பத்து வயசுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் இரண்டாவது கச்சேரியிலேயே நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். வயசான பெற்றோர் உள்ள வீட்டுக்கு இதை மிஞ்சிய இடம் இல்லை என்பேன்.

மதுரைக்காரன் போனது ராமேஸ்வரம். ரயிலில் போக வேண்டும் என்றே போயிருக்கிறான். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டியை நிறுத்திவிட்டார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பலுக்கு வழிவிட நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும் பாலம் அது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லாத அந்தச் சில நிமிஷத்துக்கு அவன் பெண் வாய் பேசவில்லையாம். அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்.

காலை ஐந்து மணிக்குக் கோயிலில் ஸ்படிக லிங்க தரிசனம். ஆறு மணிக்குத் தனுஷ்கோடிப் பாதை திறக்கும். இரண்டையும் ஒரே நாளில் பிடிக்க நினைத்தால் இரண்டும் கைநழுவிப் போகும், ஐயப்ப சாமிகளின் கூட்டம் அந்த அளவு. அவன் முதல் நாள் கோயில், மறுநாள் கடல் என்று பிரித்துக்கொண்டான். அதுதான் சரி.

மறுநாள் ஆறு மணிக்குச் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை. கதவு திறந்ததும் எல்லோரும் ஒரே ஓட்டம், ஏனென்றால் டிசம்பர் கடைசியில் ஆறரையை ஒட்டிச் சூரியன் எழுந்துவிடும். 2017இல் போட்ட 9.5 கிலோமீட்டர் சாலை முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை கயிறு கட்டி இழுத்ததுபோல் போகிறது. ஊர்க்காரர்கள் இடப்பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள், அமைதியானதாம். வலப்பக்கம் ஆண் கடல், முரடு. வாடைக்காற்று வீசும் மார்கழியில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். இடப்பக்கம் அலை அறைந்துகொண்டிருக்க, வலப்பக்கம் மன்னார் வளைகுடா தட்டில் ஊற்றிய எண்ணெய்போல் கிடக்கும். ஜூன் மாதம் போனவர்கள் சொல்வதற்கு நேர்மாறு. நடுவில் ஒரு ரோட்டு அகலம்தான் வித்தியாசம். இதைப் பார்க்கவாவது டிசம்பரில் போக வேண்டும்.

திரும்பும் வழியில் பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் மொட்டைச் சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரை அழித்தது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அதில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை. அரையாண்டு லீவு தொடங்கும் அதே வாரம். அவன் பெண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஸ்டேஷன் இருக்கு, தண்டவாளம் எங்கப்பா?" என்று கேட்டதாகச் சொன்னான். டீக்கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

குறைகளும் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் தனுஷ்கோடிப் பக்கமே விடமாட்டார்கள். அரிச்சல்முனையில் குளிக்க இறங்கவே கூடாது, இழுப்பு அதிகம். புத்தாண்டு அன்று அறை கிடைக்காது. இருந்தாலும் பிள்ளைகளோடு வெளியூர் சுற்றிப் பார்க்கப் போகும் வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். அவனுக்கு ஆன செலவு ஊட்டிக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கடைசியாக எங்கள் தோழி. பெங்களூரில் இருக்கிறாள். ஒவ்வொரு டிசம்பரும் மன்னார்குடிப் பக்கம் கணவன் ஊருக்கு. நாங்கள் எல்லோரும் பொறாமைப்படும் லீவு அது. நாலரை மணிக்குப் பெருமாள் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை, பால் பிடித்து நிற்கும் சம்பா வயலின்மேல் பனி மூட்டம், வாசலில் கோலம், நடுவே சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூ, கோயிலிலிருந்து தொன்னையில் சூடாகப் பொங்கல். விடியலை மட்டும் வைத்துப் பார்த்தால் மற்ற மூன்றும் கிட்டே வர முடியாது. மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கையில் கிடைப்பார்கள். செலவு என்று பார்த்தால் பஸ் டிக்கெட்தான்.

"அடிச்சுக்க முடியாதுப்பா" என்று மாம்பலத்தான் சொன்னபோது அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்தக் கோலத்தை யார் போட்டதுன்னு நினைக்கிற? பதினாலு பேருக்கு இட்லி, அப்புறம் மதியச் சமையல், அப்புறம் சாயங்காலப் பலகாரம். எனக்கு லீவு ஆரம்பிச்சதே ஜனவரி ரெண்டாம் தேதி ஆபீஸ் போனப்பதான்."

பனி மூட்டத்தின் போட்டோ எடுத்தது அவள் கணவன். அவள் அதை அன்று மாலை போனில்தான் பார்த்தாளாம். என் மனக்கணக்கில் அதுவரை முதல் இடத்தில் இருந்த சொந்த ஊர் சரசரவென்று கீழே இறங்கியது. எங்கள் வீட்டிலும் ஊருக்குப் போன வருஷங்களில் இதே கதைதான் நடந்திருக்கும், நான் கவனிக்கவில்லை. இப்போதும் பிள்ளைகளுக்கு ஊரைவிட நல்ல இடம் இல்லை என்றே சொல்வேன். ஆனால் ஆண்கள் அடுப்படிக்கு முறை வைத்துக்கொள்ளாத வீட்டுக்கு இந்த யோசனையைச் சொல்லமாட்டேன்.

பிறகு அடுத்த டிசம்பருக்குக் கணக்குப் போட்டோம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான், ஆகவே 23ஆம் தேதி வண்டிக்கு அக்டோபர் 24 காலை எட்டு மணிக்குப் போனோடு உட்கார வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில். எங்கே போவது என்பதைத் தோழியே முடிவு செய்யட்டும் என்று விட்டோம். மயிலாப்பூர் என்றாள். நாலு நாள், மூன்று வேளையும் கேண்டீன்.

"காலையில கோலம் போடணுமா?" என்று கேட்டாள்.

"வேற யாராவது போட்டிருப்பாங்க" என்றான் மாம்பலத்தான். "நீ பார்த்தா போதும்."