இ.எஸ்.ஐ. பேறுகால உதவி: இரண்டாம் பிரசவத்தில் கிடைத்தது, முதல் பிரசவத்தில் கிடைக்காதது

கிருஷ்ணகிரியை அடுத்துள்ள ஒரு மாங்கூழ் ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டாவது குழந்தை பிறந்தபோது இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் பேறுகால உதவியைப் பெற்றேன். 26 வாரங்களுக்கும் என் சராசரி நாள் ஊதியம் முழுமையாகக் கணக்கிடப்பட்டு வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. இந்தச் சேவையை மனநிறைவோடு பாராட்டுகிறேன். அதன் அருமை எனக்கு ஏன் இவ்வளவு தெரிகிறது என்றால், முதல் பிரசவத்தில் அது எனக்கு இல்லை.

அப்போது தருமபுரியில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் மொத்தம் எட்டுப் பேர். ஏழாம் மாதத்தில், "உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா, குழந்தை பிறந்த பிறகு பார்க்கலாம்" என்று முதலாளி அன்றுவரையிலான சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மகப்பேறு நலச் சட்டம், 1961 பத்துப் பேராவது வேலை செய்யும் கடைகளுக்கே அப்போது பொருந்தியது என்பதால், எனக்குச் சம்பளத்தோடு விடுப்புத் தரும்படி அந்தச் சட்டம் அவரைக் கேட்கவில்லை. தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைத்தது. அதற்கு இன்றும் நன்றியுடையவள். ஆனால் அது தாயின் சத்துக்கான உதவியே தவிர, நின்றுபோன சம்பளத்துக்கு ஈடு அல்ல. குழந்தைக்கு மூன்று மாதம் நிறைவதற்குள், பால் கட்டிய வலியோடு வேறு வேலைக்குப் போனேன்.

இரண்டாம் முறை என்னைக் காத்தது முதலாளியின் நல்ல மனம் அல்ல, சட்டத்தின் கட்டாயம். என் சம்பளம் 14,000 ரூபாய். இ.எஸ்.ஐ. பங்களிப்பாக அதில் மாதம் 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய், என்னிடம் பிடிக்கப்படுகிறது, 3.25 சதவீதமாக 455 ரூபாயை ஆலை செலுத்துகிறது. ஆண், பெண் என்று பாராமல் எல்லாத் தொழிலாளர்களுக்கும் இப்படிச் சேரும் பொது நிதியிலிருந்தே உதவித்தொகை வருவதால், ஒருத்தி கருவுற்றதற்காக ஆலை தனியே ஆறு மாதச் சம்பளத்தைச் சுமக்க வேண்டியதில்லை. இத்திட்டத்தின் ஆகச் சிறந்த கூறு இதுதான்.

மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் பெண் இத்திட்டத்துக்குள் வரமாட்டாள். அவளுடைய விடுப்புச் சம்பளம் முழுவதையும் முதலாளியே தர வேண்டும். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது சரியான செயல்தான், ஆனால் செலவை ஒருவர் தலையில் மட்டும் வைத்ததால், நேர்காணலில் "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்ற கேள்விக்கு இன்னும் கூர்மை ஏறியிருக்கிறது. இதைக் காட்டிக் கட்டாயத்தையே நீக்கச் சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். நீக்க வேண்டியது அந்தச் சம்பள வரம்பையும், எட்டுப் பேர் கடையை விட்டுவிடும் ஆள் கணக்கையும்தான். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு உண்டு. தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. உரிமை என்றால் துணிக்கடைப் பெண்ணுக்கும் அது உரிமைதானே!

குறையும் உண்டு. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில், அதாவது ஓராண்டில், 70 நாளாவது பங்களிப்புச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். மாம்பருவத்தில் இரண்டு மாதம் மட்டும் எங்கள் ஆலைக்கு வந்து காய் வெட்டிவிட்டுப் போகும் பெண்கள் அந்தக் கணக்கை எட்டுவதில்லை. மிகக் கடினமாக உழைப்பவர்கள் அவர்களே என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

விண்ணப்பிக்கப் போகும் பெண்கள் கருவுற்றது தெரிந்தவுடனே, தங்கள் காப்பீட்டு எண்ணில் மாதந்தோறும் பங்களிப்பு ஏறியிருக்கிறதா, உண்மையில் வாங்கும் சம்பளம்தான் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவான சம்பளம் குறைந்திருந்தால் உதவித்தொகையும் குறைந்தே வரும்.