றாஸ்பெரியா, மல்பெரியா? வன்னி வளவுக்கு எது தோதுப்படும்

மூன்று வருசத்துக்கு முந்தி ஒரு ஆடி மாதம், றொறன்ரோவிலிருந்து தங்கச்சி கைபேசியில் தன் பின்வளவைக் காட்டினாள். வேலியோரம் ஆளுயரத் தடிகள், நுனியெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் காய்த்துத் தொங்கின. மருமகள் ஒரு றாஸ்பெரியை இழுத்துப் பிடுங்கி, விரல் நுனியில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு, "மாமா, உங்கட வீட்டில இது இல்லையா?" என்று கேட்டாள். தாய்க்காரி பின்னாலிருந்து, "அண்ணை, ரெண்டு கண்டு வைச்சு விடுங்கோவன். வன்னி மண்ணில முளைக்காதது ஏதும் இருக்கே?" என்றாள்.

இருக்கிறது. அதை அறிய எனக்கு மூன்று வருசமும் ஒரு வேப்பமர நிழலும் செலவானது.

றாஸ்பெரிக்கு மண்ணைவிட முக்கியம் குளிர். பழைய இனங்களில் பெரும்பாலானவை 7 பாகைக்குக் கீழே 800 மணித்தியாலமாவது உறங்கி எழும்பினால்தான் ஒழுங்காக அரும்பு விடும். கிளிநொச்சியில் மார்கழிக் கூதலுக்குப் போர்வை தேடுகிற இரவிலும் 20 பாகை அளவில்தான் நிற்கும். உறங்காத செடி பூக்கவும் மாட்டாது, சாகவும் மாட்டாது, இலையோடு சும்மா நிற்கும்.

இதில் ஒரு சின்ன வழி உண்டு. றாஸ்பெரியில் இரண்டு சாதி. ஒன்று, இந்த வருசம் வளர்ந்த தடியில் அடுத்த வருசம் காய்ப்பது. அது எங்களுக்குச் சரிவராது. மற்றது, அதே வருசத் தடியின் நுனியில் காய்ப்பது. 1969இல் நியூயோர்க்கில் வெளியிட்ட 'ஹெரிடேஜ்' அந்தச் சாதி. குளிர் குறைந்தாலும் ஏதோ காய்க்கும். ஆனால் பழம் திரளும்போது வெயில் 30 பாகையைத் தாண்டிச் சுள்ளென்று அடித்தால் முத்துகள் வெளிறிச் சப்பென்று போய்விடும். எங்களுக்குப் பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் அந்த வெயில்தானே.

முதல் கண்டுகளை இணையத்தில் விற்கிற ஒருவரிடம் வாங்கினேன். "அசல் றாஸ்பெரி, உங்கட காலநிலைக்குப் பழகினது" என்றார். இரண்டும் கிடுகிடுவென்று வளர்ந்தன. எனக்கும் பெருமைதான். ஒருநாள் இலைக்காம்பு ஒன்று முறிந்தபோது பால் வடிந்தது. றாஸ்பெரியில் பால் வராது. தடியில் முள்ளும் இல்லை, இலையும் ஒற்றை இலை. அசல் றாஸ்பெரி என்றால் ஒரு காம்பில் மூன்றோ ஐந்தோ இலை சேர்ந்திருக்கும், திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் சாம்பல் பூசினதுபோல வெளுத்திருக்கும். எனக்கு விற்றது மல்பெரி. கண்டு வாங்கப் போகிறவர்கள் இந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

பிறகு நுவரெலியாப் பக்கம் வேலைசெய்கிற சிநேகிதர் ஒருவர் அசலே கொண்டுவந்து தந்தார். அதை 20 லீற்றர் வாளியில் துளை போட்டு வைத்தேன். நிலத்தில் வைத்தால் மாரித் தண்ணி நின்று வேர் அழுகும் என்ற பயம். அதன் வேர் மேலாகவே ஓடுவதால் கோடையில் ஒருநாள் தண்ணி தப்பினாலும் துவண்டுவிடும். சோழகக் காற்று வீசத் தொடங்கினால் இலை ஓரம் கருகித் தீய்ந்த அப்பளம் மாதிரி ஆகும். அதனால்தான் வேப்பமரத்துக்குக் கீழே வைத்து, மேற்குப் பக்கம் கிடுகு மறைப்பும் கட்டினேன்.

அதோடும் முடியவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணி கேத்திலில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்புத் தண்ணி, மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். றாஸ்பெரிக்கோ புளிப்பு (அமில) மண் வேண்டும், பி.எச். 5.6 முதல் 6.2 வரை. இரண்டு மாதத்தில் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக இலை மாறியது. இரும்புச்சத்தை வேர் எடுக்கவில்லை என்பதன் அறிகுறி அது. மழைத்தண்ணியைப் பரலில் பிடித்து ஊற்றத் தொடங்கின பிறகுதான் கொஞ்சம் தெளிந்தது. இரண்டாம் வருசம் மாசியில் ஏழு பழம். ஏழையும் நான்தான் எண்ணினேன், அதில் இரண்டு அணிலுக்கு.

குளிர்சாதனப் பெட்டியில் வேர்த்தடியை வைத்துக் குளிரூட்டலாம் என்பார்கள். கணக்குச் சரிதான்: 4 பாகையில் 42 நாள் வைத்தால் 1,008 மணித்தியாலம். ஐரோப்பாவில் பெரிய தோட்டக்காரர் தடிகளைக் குளிர்க்கிடங்கில் வைத்துத்தான் எடுத்து நடுகிறார்கள். ஆனால் எங்கள் வீட்டுப் பெட்டியில் மீனும் தயிரும் இருக்கிற இடத்தில் செடியை வைக்க மனிசி விடவில்லை. கனடாவிலிருந்து பெட்டிக்குள் கண்டு ஒளித்துக் கொண்டுவரலாமா என்று கேட்ட தங்கச்சிக்கும் வேண்டாம் என்றேன். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதியும் நோயில்லைச் சான்றிதழும் இல்லாமல் இலைகூடக் கொண்டுவரக் கூடாது.

மைசூர் றாஸ்பெரி என்று ஒன்று உண்டு. பழுத்தால் கறுப்பூதா. குளிர் தேவையில்லை, தென் புளோரிடாவிலேயே காய்க்கிறது. அதனால் பலர் இதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். நான் செய்யமாட்டேன். வளைந்த தடி மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர்விடும், பழத்தைக் குருவி தின்று காடெல்லாம் விதைக்கும். கலாபகோஸ் தீவுகளில் இதை அழிக்க முடியாமல் இன்னும் திண்டாடுகிறார்கள். எங்களுக்குச் சீமைக்கருவேலும் பாதீனியமும் போதும்.

பெரியே வேண்டாம் என்றால் ஜாம்பழ மரம் இருக்கிறது, தேன்பழம் என்றும் சொல்வார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்றரை வருசத்தில் காய்க்கும், நிழல் தரும், தண்ணி கேட்காது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மரத்தை விட்டு இறங்கமாட்டார்கள். இரவில் வௌவாலும் அப்படித்தான். கிணற்றுக்குக் கிட்ட மட்டும் வைக்காதீர்கள்.

இனி, ஏமாந்து வாங்கின மல்பெரி. தமிழில் முசுக்கட்டை என்றுதான் பெயர், ஆனால் இங்கே அப்படிச் சொன்னால் வறை வைக்கிற முசுட்டை இலையா என்று கேட்பார்கள். நட்ட வருசமே ஆடு ஒன்று வேலி பாய்ந்து அடிவரை கடித்துவிட்டது. போச்சு என்று விட்டேன். பதினைந்து நாளில் எட்டுத் துளிர், துளிரோடு துளிராகப் பச்சைப் பிஞ்சு! அந்த ஆடு எனக்குக் கத்தரிக்கப் படிப்பித்தது. மல்பெரி புதுத் துளிரில்தான் காய்க்கும். கிளையை வெட்டி, மிஞ்சின இலையை உருவிவிட்டு, நல்லாய்த் தண்ணி விட்டால் ஆறேழு கிழமையில் பழம். வருசத்துக்கு இரண்டு மூன்று தரம் இப்படி எடுக்கலாம். கண்டு காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். பென்சில் தடிப்பில் ஒரு சாண் தடி, மூன்று கணு, ஈரமண், நிழல். மாரி தொடங்கும்போது ஊன்றினால் பத்தில் ஏழெட்டு பிழைக்கும்.

குறை இல்லாமல் இல்லை. பழம் ஒருநாளுக்கு மேல் தாங்காது, காம்பும் கூடவே வரும், சட்டையில் பட்டால் ஊதாக் கறை. கைக்கறைக்கு மட்டும் பழுக்காத காயை நசுக்கித் தேய்த்தால் போகும். குரங்குத் தொல்லைக்கு மரத்தை ஐந்தடிக்கு மேலே விடாமல் வெட்டி, பழுக்கிற இரண்டு கிழமையும் பழைய நுளம்புவலையால் மூடுகிறேன். உயரமான மரம் என்றால் குரங்குக்கு வளர்த்ததுதான்.

ருசியில் றாஸ்பெரிதான் மேல், அதை மறைக்க ஏலாது. அந்தப் புளிப்பும் வாசமும் மல்பெரிக்கு இல்லை, வெறும் இனிப்பு. நார்ச்சத்தும் றாஸ்பெரியில்தான் கூட: 100 கிராமில் 6.5 கிராம், மல்பெரியில் 1.7. விற்றமின் சி என்று பார்த்தால் மல்பெரி 36 மில்லிகிராம், றாஸ்பெரி 26. ஜாம் காய்ச்சும்போது ஒரு கிலோ மல்பெரிக்கு இரண்டு தேசிக்காய் பிழிந்தால் புளிப்புக் குறை அரைவாசி தீரும். கிளாக்காய் கிடைத்தால் ஒரு பிடி சேருங்கள், ஜாமும் கெட்டியாக இறுகும்.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: செடி வளர்க்கிற ஆசைக்கென்றால் ஒரு வாளி றாஸ்பெரி வையுங்கோ, கணக்குப் பார்க்காதேங்கோ. வீட்டுப் பிள்ளைகள் பிடுங்கித் தின்ன வேணுமென்றால் நாலு மல்பெரித் தடி ஊன்றுங்கோ.

யூலை நடுவில் தங்கச்சி குடும்பம் வருகிறது. மே கடைசியில் மல்பெரியை வெட்டினால் கணக்குச் சரியாக வரும். வாளியில் நிற்கிற றாஸ்பெரி இப்போது மூன்றடி, பூவைக் காணோம். மருமகளின் விரலில் மல்பெரி தொப்பியாக நிற்காது, உள்ளே குழியில்லையே. அதற்கு என்ன சொல்லிச் சமாளிப்பது என்று இன்னும் யோசிக்கவில்லை.