193 எபிசோடு வேண்டாம், 25 நிமிஷம் போதும்

ஜப்பானியக் கார்ட்டூனில் வருகிற ரான்மா என்கிற பையன் மேல் பச்சைத்தண்ணீர் பட்டால் பெண்ணாகிவிடுவான், வெந்நீர் பட்டால் மறுபடி ஆண். 2024இல் நெட்ஃபிளிக்ஸில் புதிதாக எடுத்துப் போட்டார்களே, அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார்: "இவன் சத்துவாச்சாரியில பொறந்திருந்தா பிரச்சினையே இல்ல. மே மாசத்துல மொட்டைமாடி டேங்க்ல பச்சத்தண்ணி ஏது?" வாஸ்தவம். காலை 9 மணிக்கே குழாயைத் திறந்தால் கை சுடுகிற வேலூர்ப் பக்கம் இது. ரான்மா இங்கே ஆறு மாசம் நிம்மதியாக ஆம்பிளையாகவே இருந்திருப்பான்.

ரான்மாவை வரைந்த சித்திரக்கதைக்காரர் ரூமிகோ தகாஹாஷியைப் பற்றி, அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1957இல் நீகாட்டாவில் பிறந்தவர். 1978இல் வரைய ஆரம்பித்த கை இன்னும் ஓயவில்லை. 2019இல் பிரான்ஸில் அங்குலேம் சித்திரக்கதை விழாவின் பெரிய விருதைக் கொடுத்தார்கள். அதே வருஷம்தான் 'மாவோ' என்று அடுத்த தொடரையும் ஆரம்பித்தார். எனக்கு அவரிடம் ஒரே ஒரு குறை. அம்மணிக்குத் தொடர்கதையை முடிக்க மனசே வராது. அவர் கதையை வைத்து எடுத்த 'உருசெய் யாட்சுரா' 195 எபிசோடு, பழைய 'ரான்மா' 161. 'இனுயாஷா'வை 167இல் நிறுத்தி, நாலைந்து வருஷம் கழித்து இன்னொரு 26 போட்டு முடித்தார்கள். கூட்டினால் 193. உடைந்த மந்திர ரத்தினத்தின் துண்டு ஒன்று கிடைக்கும், வில்லன் நராகு தப்பித்துவிடுவான், அடுத்த வாரம் இன்னொரு துண்டு. ஹாஸ்டலில் படிக்கும்போது தொண்ணூறு எபிசோடு வரை தாக்குப்பிடித்தேன். அதற்குள் படிப்பே முடிந்துவிட்டது.

இப்போது நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் நைட் டியூட்டி பார்க்கிறவள். மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்து, ராத்திரிச் சமையலுக்கு முன்னால் கிடைக்கிற நேரம்தான் எனக்கு சினிமா தியேட்டர். அதில் 193 எபிசோடுக்கு இடம் கிடையாது. அதனால்தான் ரூமிகோவின் குட்டிக் கதைகளை வைத்து எடுத்த படங்களைத் தேடிப் போனேன். யாரும் அதிகம் பேசாத படங்கள். அவ்வளவையும் பார்த்து முடித்த தைரியத்தில் சொல்கிறேன்: இந்த அம்மாவின் உண்மையான கைவரிசை இதில்தான் இருக்கிறது. இங்கே அவர் கதையை முடிக்கிறார்.

எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் இருக்கிற கொழுந்தன் பழைய டிவிடி சிலது வாங்கி வந்தார். டிவிடிக்கு ரீஜன் என்று நாட்டுக்கு நாடு ஒரு பூட்டு உண்டு: அந்த ஊர் டிஸ்க் ரீஜன் 1, நம் ஊருக்கு ரீஜன் 5. லேப்டாப் டிரைவில் ரீஜனை மொத்தம் 5 தடவைதான் மாற்ற முடியும், அப்புறம் அப்படியே பூட்டிக்கொள்ளும். நான் 3 தடவை மாற்றிவிட்டேன். மீதிப் படங்கள் யாரோ பழைய வீடியோ டேப்பிலிருந்து ஏற்றியவை. ஊறுகாய் ஜாடிக்குள்ளிருந்து எடுத்த மாதிரி ஒரு நிறம்.

80களில் வீடியோ கடைகளுக்கென்றே 'ரூமிக் வேர்ல்ட்' என்ற பெயரில் தனிப்படங்கள் வந்தன. முதல் படம் 1985இல் வந்த 'ஃபயர் ட்ரிப்பர்'. சுசுகோ என்கிற ஸ்கூல் பெண் பக்கத்து வீட்டுச் சின்னப் பையனோடு நடந்து போகிறாள். கேஸ் வெடிக்கிறது. கண்ணைத் திறந்தால் சண்டையும் கொள்ளையுமாகக் கிடக்கிற, சுமார் 500 வருஷத்துக்கு முந்தைய செங்கோகு காலம். அங்கே முரட்டுப் பையன் ஒருத்தன். 'இனுயாஷா'வும் ஸ்கூல் பெண் ஒருத்தி அந்தக் காலத்துக்குப் போகிற கதைதான், அதன் விதை அப்படியே இதில் இருக்கிறது. ஆனால் அங்கே 193 எபிசோடு எடுத்துக்கொண்டதை இங்கே ஒரு மணி நேரத்துக்குள் கட்டி, கடைசியில் ஒரு முடிச்சும் போட்டுவிடுகிறார். அந்த முடிச்சைச் சொல்ல மாட்டேன். சின்னப் பையனையும் மணியையும் மட்டும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். அசைவுகள் அங்கங்கே நொண்டும், இசை அந்தக் காலத்து சிந்தசைசர். பரவாயில்லை.

'மாரிஸ்' வேண்டாம். விண்வெளிப் போலீஸ் பெண், ஆறு மடங்கு பலம், தொட்டதெல்லாம் உடைந்து கடன் ஏறுகிறது. ஒரு தடவை சிரிக்கலாம்.

1987இல் வந்த 'லாஃபிங் டார்கெட்' வேறு ரகம். சின்ன வயசிலேயே ஒரு பையனுக்கும் அவன் முறைப்பெண்ணுக்கும் கல்யாணம் பேசி வைத்துவிடுகிறார்கள். பையன் வளர்ந்து ஸ்கூலில் வில்வித்தை, ஒரு காதலி என்று இருக்கும்போது, தாயை இழந்த முறைப்பெண் அசுசா பெட்டியோடு வீட்டுக்கு வந்து நிற்கிறாள். இதை வெள்ளைக்காரர்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டும், நமக்கு எதற்கு? எங்கள் சொந்தத்திலேயே இப்படி 'பேசி வச்ச' ஜோடி மூன்று உண்டு. பயமுறுத்துகிற இடங்களை விட, அந்தப் பெண்ணுக்கு இந்த ஒரு வாக்கைத் தவிர வேறு எதுவுமே கையில் இல்லை என்று தெரிகிற இடம்தான் என்னை உலுக்கியது. பேய்ப்படம் என்று சொல்லி ஒரு சோகக்கதையைக் கொடுத்துவிட்டார்.

அடுத்தது எங்கள் வீட்டில் கலவரம் உண்டாக்கிய 'ஒன் பவுண்ட் கோஸ்பெல்', 1988. குத்துச்சண்டைக்காரன் கோசாகு. திறமை இருக்கிறது, வாய்க்கட்டு இல்லை. போட்டிக்கு முன்னால் எடையைக் குறைக்க வேண்டியவன் ஒளிந்து ஒளிந்து தின்கிறான். தின்றுவிட்டு சர்ச்சுக்குப் போய், சிஸ்டர் ஏஞ்செலா என்கிற இளம் கன்னியாஸ்திரியிடம் பாவமன்னிப்புக் கேட்கிறான். பாவம் என்ன? சாப்பிட்டது. கான்வென்ட்டில் படித்த எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் சிஸ்டர் யாரிடமாவது போய் "நேத்து ரெண்டு பிளேட் போட்டுட்டேன் சிஸ்டர்" என்று சொல்லியிருந்தால் பிரம்புதான் பேசியிருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. தினம் ரயிலில் போய் வருகிறவர். ஆம்பூர் என்றால் சீரகச் சம்பா பிரியாணி, பக்கத்தில் புளிப்பும் எண்ணெயுமாக அந்தக் கத்திரிக்காய். அவருடைய மூணு மாசச் சர்க்கரையை என் லேபில் நானே பார்த்தேன்: 8.1. "வாரத்துக்கு ஒரு நாள்தான்" என்று சத்தியம் செய்திருந்த மனிதர். ரத்தம் பொய் சொல்லாது. அன்று மாலை இந்தப் படத்தைப் போட்டு எதிரே உட்கார வைத்தேன். கோசாகு முதல் தடவை மாட்டிக்கொண்டபோதே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்து, "இப்ப இன்னான்ற?" என்றார். "நான் ஒண்ணும் சொல்லல, சிஸ்டர் சொல்றாங்க" என்றேன்.

படத்தை இயக்கியவர் ஒசாமு டெசாகி. 1970இல் 'அஷிதா நோ ஜோ' என்கிற பெரிய குத்துச்சண்டைத் தொடரை எடுத்த அதே ஆள். உடம்பை வருத்தி எடை குறைப்பதை உயிர்ப் போராட்டமாகக் காட்டியவரிடம், வயிற்றைக் கட்ட முடியாதவன் கதையைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குறும்பு புரிந்து பார்த்தால் இன்னும் ருசி. ரூமிகோ இந்தக் கதையை 1987இல் ஆரம்பித்து நடுநடுவே விட்டுவிட்டு 2007இல்தான் முடித்தார். இருபது வருஷம், மொத்தம் 4 புத்தகம். அம்மணி விஷயத்தில் இது சாதனை.

சரி, கடற்கன்னிக்கு வருவோம். கடற்கன்னியின் இறைச்சியைத் தின்றால் சாவு கிடையாது. ஆனால் தின்கிறவர்களில் பெரும்பாலோர் அங்கேயே செத்துவிடுவார்கள், இல்லையென்றால் உருமாறிப் பிசாசாகத் திரிவார்கள். தப்பிப் பிழைக்கிறவர் அபூர்வம். யூதா என்கிற மீனவன் அப்படித் தப்பி 500 வருஷமாக அலைகிறான். மானா என்கிற பெண் அவனோடு சேர்ந்துகொள்கிறாள். கடற்கன்னி மாமிசம் தின்று 800 வருஷம் வாழ்ந்த யாவோ பிகுனி என்கிற சந்நியாசினியின் கதை ஜப்பானில் வழிவழியாகச் சொல்வது. அதிலிருந்து கிளம்பியிருக்கிறார். எனக்கு நெல்லிக்கனிதான் ஞாபகம் வந்தது. அதியமான் தான் சாப்பிடாமல் ஔவைக்குக் கொடுத்தான், நாம் கைதட்டி பாடத்தை மூடிவிட்டோம். அதன் பிறகு தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகச் சாக ஔவை தனியாக உட்கார்ந்திருந்தாளா என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. ரூமிகோ கேட்கிறார்.

இதில் மூன்று வடிவம் இருக்கிறது, குழம்பிக்கொள்ளாதீர்கள். 1991இல் வந்த 'மெர்மெய்ட் ஃபாரஸ்ட்' தனிப்படம். இரட்டைச் சகோதரிகள், ஒருத்திக்கு ஒரு கை மட்டும் பிசாசின் கையாகிவிட்டது. டாக்டர் ஒருவர் செத்துப்போன பெண்களின் கையை எடுத்து அவளுக்கு ஒட்டிப் பார்க்கிறார். என் மாமியார் குடியாத்தத்துப் பெண். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் பார்த்தே வளர்ந்தவர். ஒருத்தியின் தலை இன்னொருத்தி உடம்பில் சேர்கிற ரேணுகாதேவி கதை அவருக்கு அத்துப்படி. கையை ஒட்டுகிற காட்சியைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "மாத்தி ஒட்னா பொருந்துமா? அம்மனுக்கே பொருந்தாமத்தான் இவ்ளோ கதை" என்றார்.

1993இல் வந்த 'மெர்மெய்ட்ஸ் ஸ்கார்'தான் மூன்றில் உசத்தி. மேட்ஹவுஸ் தயாரிப்பு, இயக்கம் மோரியோ அசாகா. பின்னால் 'கார்ட்கேப்டர் சகுரா' என்கிற சிறுமிகளுக்கான இனிப்பான தொடரை எடுத்த அதே மனிதர் என்றால் நம்ப மாட்டீர்கள். கடற்கரை ஊர், பெரிய வீடு, ஒரு சின்னப் பையன், அவனைப் பார்த்தால் பயப்படுகிற ஒரு தாய். அந்தப் பையன் முகத்தை வரைந்தவருக்கு மாலை போட வேண்டும். குழந்தை முகம்தான், கண்ணில் மட்டும் குழந்தை இல்லை. பால் பாக்கெட் வாங்கப் போகும்போதுகூட அந்தக் கண் ஞாபகம் வந்தது. ரத்தம் அதிகம், பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள்.

2003இல் டிஎம்எஸ் என்கிற அனிமேஷன் நிறுவனம் இதே கதைகளை 13 எபிசோடாக டிவி தொடர் எடுத்தது. கடைசி 2 எபிசோடு டிவியில் வராமல் டிவிடியில் மட்டும் வந்தன. தொடரில் கதைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் உப்பில்லை. பயங்கரமான இடம் வரும்போதெல்லாம் கேமரா கூச்சப்பட்டு வேறெங்கோ பார்க்கிறது. கதை தெரிந்தால் போதும் என்பவர்கள் பார்க்கலாம்.

அதே வருஷம் அதே டிஎம்எஸ் நிறுவனம் எடுத்த இன்னொரு தொடர் 'ரூமிக் தியேட்டர்'. இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், இத்தனை நேரம் சுற்றிவிட்டேன். இதுவும் 13 எபிசோடு, ஒவ்வொன்றும் 25 நிமிஷம், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கதைகள். 80களின் கடைசியிலிருந்து ரூமிகோ பெரியவர்களுக்கான 'பிக் காமிக் ஒரிஜினல்' பத்திரிகையில் வருஷத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் எழுதுகிற சிறுகதைகள் அவை. பேயும் கத்தியும் முக்கியமில்லை. வீட்டு லோன், மாமியார், மேனேஜர் வீட்டு நாய், குப்பை கொட்டுகிற தகராறு. ஆபீஸில் பெரிய பதவியிலிருந்து வேலை போன ஒருவர், மனைவி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதால் அவள் வேலை செய்த சாப்பாட்டுப் பொட்டலக் கடைக்குப் போகிறார். வருகிற கஸ்டமரிடம் குனிந்து பேச அவருக்கு முதுகு வளையவில்லை. ஓய்வு பெற்ற தாசில்தார்கள் நாலு பேர் எங்கள் தெருவில் இருக்கிறார்கள், நால்வருக்கும் இதைப் போட்டுக் காட்டலாம்.

என் மாமியாரை முழுசாகப் பிடித்து வைத்தது பெரிய சைஸ் வீட்டுச்சாமி கதை. ஒரு மருமகள். மாமியார் பணம் போட்டால்தான் சொந்த வீடு வாங்க முடியும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல பெயர் எடுக்கப் பார்க்கிறாள். ஆனால் மாமியார் வீட்டில் இருக்கிற பூதம் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. ஜப்பானில் வீட்டுக்கு அதிர்ஷ்டம் கொண்டுவருகிற குட்டிச்சாமி உண்டு, ஜாஷிகி வாராஷி என்பார்கள். இங்கே அது குட்டியாக இல்லை, கதவை அடைக்கிற அளவு பெரியது. அதைத் தள்ளப் போய், விலகப் போய், அவள் செய்கிற ஒவ்வொன்றும் மாமியார் கண்ணுக்குத் திமிராகப் படுகிறது.

நான் ஆங்கில எழுத்தைப் படித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அத்தை கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"ஏம்மா, அந்த மாமியாக்காரி கெட்டவ ஒண்ணும் இல்லியே? இவ தள்றத அவ பாக்குறா, பூதத்த பாக்கல. அவ இன்னா பண்ணுவா?"

"ஆமாம் அத்தை."

"அப்ப ரெண்டு பேரு மேலயும் தப்பு இல்ல." கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, போடு."

ரூமிகோவின் திறமையைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. வில்லன் இல்லாமல் 25 நிமிஷம் சண்டையை ஓட்டி, ஒருவர் தலையையும் குனிய வைக்காமல் முடிக்கிறார். குறையும் உண்டு. வரைபடம் ரொம்பச் சாதாரணம், பின்னணி இசை சில இடத்தில் சோப்பு விளம்பரம் போலிருக்கும். செத்துப்போன மனைவி வரவேற்பறைக்குத் திரும்பி வருகிற கதையை இன்னும் நிதானமாக எடுத்திருக்கலாம். 13இல் நாலைந்து சுமார்தான்.

எதில் ஆரம்பிப்பது என்றால் பெங்குவின் கதையில் ஆரம்பியுங்கள். செல்லப்பிராணி கூடாது என்று கண்டிப்பான அபார்ட்மென்ட். கணவனின் கஸ்டமர் ஊருக்குப் போகும்போது தன் பெங்குவினை இவர்களிடம் விட்டுப் போகிறார். மனைவி அதை ஒளித்துவைக்க வேண்டும், பிராணி வளர்க்கிறவர்களைக் கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு பெண்மணியின் மூக்குக்குக் கீழே. சிரித்துக்கொண்டே போய்க் கடைசி மூன்று நிமிஷத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

போன வாரம் டியூட்டி முடிந்து வந்தபோது, அத்தை வாசலில் கீரைக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். காட்பாடிப் பக்கம் ஏதோ ஒரு அபார்ட்மென்ட்டில், ஒரு பொண்ணு பெரிய பறவை ஒன்றை ஃப்ரிஜ்ஜுக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தாளாம். கீரைக்காரம்மா கூடையை இறக்கிவிட்டு, "கோழியாம்மா?" என்றார். "கோழி இல்லடி, கறுப்பு கோட்டு போட்டமாரி இருக்கும்" என்று அத்தை ஆரம்பித்தார். நான் ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.