கோரல்டிரா ஃபைலுக்குப் பணம் கொடுக்கும் முன் வயர்ஃபிரேமில் ஒரு தடவை பாருங்கள்

நாமக்கல்லில் லாரிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும் கடை வைத்திருக்கிறேன். போன ஆயுத பூஜை சமயத்தில் ஒரு டிசைன் ஃபைலை நம்பி ஏமாந்தேன். கையை விட்டுப் போன பணம் 4,500 ரூபாய்தான். அதோடு அரை ரோல் வினைல் (ஸ்டிக்கர் ஷீட்), இரண்டு ராத்திரித் தூக்கம், பல வருடமாக என்னிடமே வரும் ஒரு டிரான்ஸ்போர்ட்காரர் முன்னால் தலைகுனிவு. என்னைப் போலச் சின்னதாகக் கடை வைத்து, டிசைனை வெளியில் கொடுத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை விலாவாரியாக எழுதுகிறேன்.

அவருக்கு 6 லாரி. முன் கண்ணாடியில் 'முருகன் துணை', இரண்டு பக்கக் கதவிலும் வேலோடு நிற்கும் மயில், அதற்கு மேல் அரைவட்டமாகக் கம்பெனி பெயர். எழுத்து வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோகை விரித்த மயிலை நோட் நோட்டாக, அதாவது கோட்டின் புள்ளி புள்ளியாக, வரைய அப்போது நேரம் இல்லை. பூஜைக்கு எட்டு நாள்தான் இருந்தது, கடை வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன. வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் 'வெக்டார் ஃபைல் (கோடுகளால் ஆன படம்), கட்டிங்குக்கு ரெடியாகத் தரப்படும்' என்று ஒரு டிசைனர் அடிக்கடி போடுவார். அவரிடம் கொடுத்தேன். 2,000 முன்பணம். மூன்றாம் நாள் படம் அனுப்பினார். உண்மையிலேயே அழகாக இருந்தது. மீதி 2,500 போட்ட பிறகு கோரல்டிரா (கம்ப்யூட்டரில் டிசைன் வரையும் சாஃப்ட்வேர்) ஃபைல் வந்தது. திறந்து பார்த்தேன், படத்தில் இருந்தது அப்படியே இருந்தது. கதவு அளவுக்குப் பெரிதாக்கி, ஆறு வண்டிக்கும் சேர்த்து அடுக்கி மெஷினுக்கு அனுப்பிவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

கட்டிங் மெஷின் ஒரு வளைவை வெட்டும்போது ஒரே இழுப்பாகச் சத்தம் வரும். அன்றைக்கு ஒரே இடத்தில் கர்ர் கர்ர் என்று திரும்பத் திரும்பக் கேட்டது. வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருந்ததில் காதில் விழுந்தும் உறைக்கவில்லை. அப்புறம் வந்து ஊசியால் கிள்ளி உரித்தால், மயிலின் கழுத்து துணுக்குத் துணுக்காகக் கையோடு வருகிறது. வேலின் குறுக்கே நேர்கோடாக ஒரு வெட்டு. தோகையில் ஒரு பீலி முழுதாக இல்லை. பீலி ஒன்றின் மேல் ஒன்று ஏறும் ஒவ்வொரு இடத்திலும் கத்தி புகுந்திருந்தது. அரைவட்ட எழுத்துக்குள்ளே வேறு ஏதோ எழுத்துகளின் வெட்டுக்கோடு. ஆறு வண்டிக்கான வினைலும் இதே கதி.

போன் செய்தேன். "அண்ணா, ஸ்கிரீன்ல சரியாத்தானே இருக்கு? உங்க மெஷின்லதான் பிரச்சினை இருக்கும்" என்றார். கட்டிங்குக்கென்று சொல்லித்தானே வாங்கினேன் தம்பி என்றதற்கு, "கட்டிங் வெர்ஷன் வேணும்னா தனி ரேட்ணா, இன்னொரு 1,500 போடுங்க" என்றார். போடமாட்டேன் என்றேன். அதோடு சரி, அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவே இல்லை.

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு, வியூ மெனுவில் வயர்ஃபிரேம் போட்டேன். நிறமெல்லாம் போய் வெறும் கோடுகள் மட்டும் தெரிந்தபோது வயிற்றைக் கலக்கியது.

கோரல்டிராவோ இல்லஸ்ட்ரேட்டரோ இங்க்ஸ்கேப்போ, எல்லாவற்றிலும் வரைந்த பொருட்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத்தான் இருக்கும். கடைசியாக வரைந்தது மேலே நிற்கும், அடியில் இருப்பதை மறைக்கும். கண் பார்ப்பது மேல் அடுக்கை மட்டும். என் கட்டிங் மெஷினுக்கு எது மேல், எது கீழ் என்று தெரியாது. என்ன நிறம் நிரப்பியிருக்கிறது என்பதும் தெரியாது. கோடு எங்கே இருந்தாலும் அங்கே கத்தியை இறக்கும். இது டிசைனருக்குத் தெரியாத விஷயம் இல்லை. கட்டிங்குக்கு ரெடி என்று சொல்லி விற்பவருக்கு நிச்சயம் தெரியும்.

அவர் செய்த வேலை என்னவென்றால், வளைவு சரியாக வராத இடத்திலெல்லாம் வெள்ளை நிறத்தில் ஒரு ஒட்டுப் போட்டு மூடியிருக்கிறார். கழுத்தில் மட்டும் 11 ஒட்டு. வேலின் பக்கத்தில் நீளமான வெள்ளைச் செவ்வகம். கண்ணுக்குப் பதிலாக ஒரு கறுப்பு வட்டம், அதன் மேல் அதே அளவில் இன்னொரு கறுப்பு வட்டம். ஒன்றின் மேல் ஒன்று அச்சாக நின்றதால் கத்தி இரண்டு தடவை ஓடி வினைலைக் கிழித்திருக்கிறது. பீலிகளை வெல்ட் செய்து ஒரே உருவமாக இணைக்கவே இல்லை, அப்படியே சாய்த்துச் சாய்த்து அடுக்கியிருக்கிறார். எல்லாவற்றையும் குரூப் குரூப்பாகக் கட்டிவிட்டதால் கீழே ஸ்டேட்டஸ் பாரில் மூன்று ஆப்ஜெக்ட் (தனித்தனி உருவம்) என்று மட்டும் காட்டியது. முழுக்க அன்குரூப் செய்தபோது 214 ஆப்ஜெக்ட்.

அரைவட்ட எழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது. அதை நகர்த்தினேன். அடியில் வேறொரு டிரான்ஸ்போர்ட்டின் பெயர், ஊர், பத்து இலக்கப் போன் நம்பர். அழிக்கக்கூட மெனக்கெடவில்லை, மேலே வெள்ளை அடித்துவிட்டு என் வாடிக்கையாளரின் பெயரை எழுதிவிட்டார். 'உங்களுக்காகவே புதிதாக வரைந்தது' என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியவர் அவர்.

இனி ஃபைல் வாங்கினால், மீதிப் பணம் போடும் முன் நான் செய்யப்போவது இதுதான், நீங்களும் செய்யுங்கள். முதலில் வயர்ஃபிரேம். இல்லஸ்ட்ரேட்டர் என்றால் கண்ட்ரோலும் ஒய்யும் அழுத்தினால் போதும். அதைவிடச் சுலபமான ஒரு வழி, கடைப்பையனே செய்துவிடலாம்: கோரல்டிராவில் அடர் சிவப்பில் பெரிய செவ்வகம் ஒன்று வரைந்து, ஷிஃப்டும் பேஜ் டவுனும் அழுத்தி அடியில் அனுப்புங்கள். வெள்ளை ஒட்டெல்லாம் பல்லைக் காட்டும். என் மயிலுக்குப் பின்னால் சிவப்பைப் போட்டபோது மழையில் ஊறிய சுவர் போலத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அப்புறம் அன்குரூப் செய்து எண்ணிக்கையைப் பாருங்கள். டேப் சாவியைத் தட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு ஆப்ஜெக்டாகத் தேர்வாகும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேர்வுப் புள்ளிகள் வந்து நின்றால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பொருளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆல்ட்டை அழுத்திக்கொண்டு அதன் மேல் கிளிக் செய்யுங்கள், அடியில் இருப்பது தேர்வாகும்.

ஒரு விஷயத்தில் நானும் கொஞ்ச நேரம் திணறினேன். அடியில் அனுப்பிய சிவப்புச் செவ்வகம் சில துண்டுகளுக்கு மேலேயே நின்றது. காரணம், அவர் மூன்று லேயரில், அதாவது மூன்று தனித்தனித் தட்டுகளில், சிதறிப் போட்டிருந்தார். ஷிஃப்டும் பேஜ் டவுனும் அந்த லேயருக்குள்தான் அடியில் கொண்டுபோகும். பக்கத்துக்கே அடியில் போக கண்ட்ரோலும் எண்டும் அழுத்த வேண்டும்.

சரி, ஃபைலைத் திருத்த முடியுமா என்றால் முடியும். வெள்ளை ஒட்டை மேலே வைப்பதற்குப் பதிலாக, அதைக் கத்தரியாக வைத்து அடியில் இருப்பதை வெட்டி எடுக்க வேண்டும், அதாவது டிரிம். ஒட்டி நிற்கும் பீலிகளை வெல்ட். தடித்த அவுட்லைன் இருந்தால் அதை ஆப்ஜெக்டாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கத்தி கோட்டின் நடுவில்தான் ஓடும். ஒட்டாமல் நிற்கும் பீலிகளுக்கு நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். இரண்டு நிறத்தில் ஒட்டுகிற வேலையில் எது முதலில் கதவில் போகிறதோ அதுவே ஃபைலிலும் அடியில் இருக்க வேண்டும். நீலத்தைத் தனி லேயர், மஞ்சளைத் தனி லேயர் என்று பிரித்தேன்.

இடமும் கோணல்தான். வேல் நடுவில் இல்லை, இடது பக்கம் 3 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. கண்ணால் பார்த்து இழுத்து வைத்திருக்கிறார். கோரல்டிராவில் இரண்டையும் தேர்ந்தெடுத்து 'சி' சாவியைத் தட்டினால் கடைசியாகத் தேர்ந்தெடுத்த பொருளின் நடுவுக்கு மற்றது வந்து நிற்கும். ஒரு சாவி. அதைக்கூடச் செய்யாத வேலைக்கு 4,500 வாங்கியிருக்கிறார்.

டிரான்ஸ்போர்ட்காரரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டவில்லை. "பூஜைக்குள்ள வண்டி நிக்கணும்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது திட்டியதைவிட வலித்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். வினைல் செலவு என்னுடையது.

வெள்ளைப் பட்டைக்கு அடியில் கிடைத்த நம்பருக்கும் போன் செய்தேன். திருச்சிப் பக்கம் ஒருவர். அவர் வண்டிகளில் அதே மயில் ஓடுகிறது. அவருக்கும் இது 'புதிதாக வரைந்தது'தான், 6,000 ரூபாய். அவருக்கு ஸ்டிக்கர் ஒட்டிய கடைக்காரர் பிரிண்ட் அடித்து ஒட்டியதால் ஒட்டுகள் எதுவும் வெளியே தெரியவில்லை. வெள்ளைக் கதவு வேறு.

அந்த டிசைனரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஃபைலுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். மயில் வலது பக்கம் பார்த்து நிற்கும். இடது பக்கத்திலிருந்து மூன்றாவது பீலியின் நுனியில் ஒரு நோட் மட்டும் முள் போல வெளியே துருத்திக்கொண்டிருக்கும். யாராவது இந்த மயிலை உங்களுக்கு அனுப்பினால், பணம் போடும் முன் எழுத்துக்குக் கீழே உள்ள வெள்ளைப் பட்டையை நகர்த்திப் பாருங்கள்.